யூனிஸுக்கு ஒரு பேட்ச்

‘ஆப்ஷனல்’ என்கிற வார்த்தையை எவன் கண்டுபிடித்தானோ, அவன் என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். வேண்டுமென்றால் போட்டுக்கொள், வேண்டாமென்றால் விட்டுவிடு என்பதுதானே அதற்கு அர்த்தம்? எங்கள் ஆபீசில் அர்த்தமே வேறு. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஆசை வரும், ஜெயவேலு உட்கார்ந்து போட்டுக்கொடுப்பான் என்று அர்த்தம். அந்த ஜெயவேலு நான்தான்.

பொம்மனஹள்ளியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி. குளிர்பதனக் கிடங்குகளை உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனித்துக்கொள்வது எங்கள் தொழில். பீன்யாவில் மருந்துக் கிடங்கு, ஆனேக்கல்லில் பூக்கிடங்கு, இன்னும் எங்கெங்கோ ஐஸ்கிரீம், காய்கறி. உள்ளே எவ்வளவு குளிர் இருக்கிறது என்பது எங்கள் திரையில் வரிவரியாக ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுவது டெர்மினல் என்கிற கருப்பு ஜன்னலில். அதில் படம் கிடையாது, பட்டன் கிடையாது, வெறும் எழுத்துதான். எங்காவது சூடு ஏறினால் அந்த ஜன்னல் ‘டிங்’ என்று மணி அடிக்கும். அத்தனை வரிகளில் எது ஆபத்தான வரி என்று கண்ணால் பொறுக்க முடியாது, மணிதான் சொல்லும். மணி அடித்ததும் ஒரு விசையைத் தட்டினால் அந்த வரி வந்து நிற்கும். உடனே அந்தக் கிடங்கின் காவலாளிக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

அந்த டெர்மினலை எழுதியவர் போலந்து தேசத்தில் எங்கேயோ இருக்கிறார். மகா கறார் பேர்வழி. பெங்களூரில் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் பல்பு, ஃபேன் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வெறும் சுவரைக் கொடுப்பார்களே, அந்த மாதிரி மொட்டையாகத்தான் கொடுப்பார். போன வரியை மேலே தள்ளிப் பார்க்க வேண்டுமா, அதற்கு ஒரு பேட்ச். எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமா, அதற்கு ஒரு பேட்ச். பேட்ச் என்றால் நிரலில் இந்த வரியை எடு, அந்த வரியைச் சேர் என்று சொல்லும் சின்ன ஒட்டு. ஒட்டுகிற வேலை நம் தலையில். ஒட்டினோம், முடிந்தது என்று எழுந்துபோக முடியுமா என்றால் அதுவும் முடியாது. அவர் புது வெர்ஷன் வெளியிட்டால் வரிகளெல்லாம் இடம் மாறிவிடும், பழைய ஒட்டு எதுவும் உட்காராது. ஒவ்வொன்றுக்கும் இடம் தேடி மறுபடி முதலிலிருந்து ஒட்ட வேண்டும்.

இது தெரியாத எங்கள் ஆபீஸ்காரர்களுக்கு என்ன கவலை? கோவிந்தப்பா சாருக்கு ஜன்னல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், பின்னால் அவர் பேத்தியின் போட்டோ தெரிய வேண்டுமாம். வைஷ்ணவிக்குக் கோடும் கொக்கியும் அடித்தால் இரண்டும் சேர்ந்து ஒரே அம்புக்குறியாகத் தெரிய வேண்டும். “சொல்ப நோடி ஜெயவேலு, அஞ்சு நிமிஷ வேலை” என்பார் கோவிந்தப்பா. சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம். சொல்ப, சொல்ப என்றே இந்த ஊரில் எதையும் சாதித்துக்கொள்கிறார்கள். நானும் முடியாது என்று சொல்லாமல் ஒட்டி ஒட்டி, வேலியில் போன ஓணான்களையெல்லாம் எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டேன்.

இத்தனை பேட்ச்சில் உருப்படியானது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், யூனிஸின் பேட்ச்சைத்தான் சொல்வேன்.

யூனிஸ் எங்கள் கோலார் தங்கவயல் பெண். அவள் அப்பாவும் நானும் தினமும் ஒரே ரயில் பெட்டியில் பெங்களூருக்கு வந்துபோகிறவர்கள். எங்கே ஆள் வேண்டும், யாருக்கு வேலை இல்லை என்பதெல்லாம் பங்காரப்பேட்டை வருவதற்குள் எங்கள் பெட்டி முழுக்கப் பரவிவிடும். அப்படித்தான் அவள் பயோடேட்டா என் கைக்கு வந்தது. கம்ப்யூட்டர் படித்தவள், கெட்டிக்காரி. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. நாம் முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவில் புரிந்துகொள்வாள். பதிலை டைப் செய்து காட்டுவாள். அவள் வாய்விட்டுப் பேசி ஆபீசில் நான் கேட்டதில்லை.

மணி அடித்து வேலை வாங்குகிற இடத்தில் காது கேட்காத பெண் எப்படிச் சமாளிப்பாள் என்று இன்டர்வியூவிலேயே கேட்டார்கள். “அத்த நான் பாத்துக்கறேன்” என்று எழுந்து நின்றவன் நான். மணி அடிக்கும்போதெல்லாம் ஜன்னல் முழுவதும் பளிச்சென்று வெள்ளையாகிக் கருப்பாகும்படி ஒரு பேட்ச் எழுதினேன். சின்னதுதான். ஆனால் அது இருந்தால் போதும், யூனிஸ் எல்லாரையும்விட வேகம். வைஷ்ணவி போனில் கதையளந்துகொண்டு மணியைக் கோட்டை விட்டிருக்கிறாள், யூனிஸ் விட்டதே இல்லை.

போன வெர்ஷன் மாறியபோதுதான் வினை வந்தது. நான் மச்சினன் கல்யாணத்துக்கு லீவு. யாரோ புண்ணியவான் அப்டேட் விசையை அமுக்கிவிட்டான். பேட்ச் எல்லாம் போய், அன்று முற்பகல் முழுவதும் யூனிஸின் ஜன்னல் மின்னவே இல்லை. வைஷ்ணவிதான் தோளைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறாள். நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் இந்தப் பெண் தனியாக ஷிப்ட் பார்ப்பாளா என்று மேலிடத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் நிரந்தரமாகிவிட்டார்கள், இவள் மட்டும் இன்னும் ட்ரெய்னீ.

நான் லீவு முடிந்து வந்ததும் அவள் டைப் செய்து கேட்டாள். “அண்ணா, இந்தப் பேட்ச்ச டெர்மினல எழுதினவருக்கே அனுப்பி, அதுலயே சேத்துடச் சொல்லலாமா? அப்ப ஒவ்வொரு தடவையும் ஒட்ட வேணாமே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அந்த ஆளா? அவரு பெத்த தாயி வந்து கேட்டாக்கூட ஒரு வரி சேக்கமாட்டாரும்மா. நான் இருக்கேன், நீ இன்னாத்துக்குக் கவலப்படற?” என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை எங்கள் மேனேஜர் ஸ்ரீஹர்ஷா எல்லாரையும் கூப்பிட்டார். ஜெயநகரில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம், வீட்டில் பாதி கன்னடம். வயது என்னைவிடக் குறைவு, பொறுமை அதிகம். அந்தப் பொறுமைதான் சில சமயம் எனக்கு எரிச்சல்.

“டெர்மினல்ல ஒரு ஓட்டை இருக்குன்னு சொல்றா. வெளியிலேர்ந்து யாராவது அனுப்பற எழுத்து மூலமா உள்ள புகுந்துடலாமாம். அதனால வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லா மெஷின்லயும் புது வெர்ஷன் வந்தாகணும். பேட்ச் எல்லாம் ஆப்ஷனல்தானே, ஜெயவேலு? எதுவுமே இல்லாம ப்ளெய்னா போட்டுடலாமே. உங்களுக்கும் வேலை கம்மி.”

“யூனிஸுக்கு அது ஆப்ஷனல் இல்ல” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“அது தெரியும். அவளோடத நீங்க போடுங்கோ. அதுவும் வெள்ளிக்கிழமைதான். அன்னிக்கு மத்தியானம் அவளுக்கு ட்ரில் வெச்சிருக்கேன்” என்றவர், யூனிஸைப் பார்த்து நிதானமாகச் சொன்னார். “ஒரு பொய் அலாரம் அனுப்புவேன். மணி மூணு தடவை அடிக்கறதுக்குள்ள நீ மெசேஜ் அனுப்பணும். யாரும் உதவி பண்ணக் கூடாது. சரியா வந்தா அடுத்த வாரத்துலேர்ந்து உனக்குத் தனி ஷிப்ட், பெர்மனென்ட். இல்லேன்னா மாசக் கடைசியோட… என்னால மேல பேச முடியாது, யூனிஸ். இதுக்கு மேல ட்ரெய்னீயா வெச்சுக்க மேலிடத்துல விடமாட்டா.”

யூனிஸ் தலையாட்டினாள். முகத்தில் பயமே இல்லை. பயம் எல்லாம் எனக்குத்தான்.

ஒரே ஒரு பேட்ச் என்றால் அரை மணி வேலை. ஆனால் மற்றவர்கள் விடுவார்களா? செவ்வாய்க்கிழமை ஒவ்வொருவரிடமும் போய், உங்களுடையதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும் ஜெயவேலு, பேத்தி முகம் பாத்தாதான் வேலை ஓடுது” என்றார் கோவிந்தப்பா. போட்டோவின் மேல் எழுத்து ஓடி அவரால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை என்று தினமும் புலம்புகிறவர் இவர்.

“அண்ணா, ப்ளீஸ் அண்ணா, அம்பு இல்லன்னா எனக்கு மூடே வராது” என்றாள் வைஷ்ணவி.

கர்சர் மினுக்க வேண்டும் என்று ஒருவன் கேட்டிருந்தான். அவன் வேலையை விட்டுப்போய்ப் பல மாதம் ஆகிறது. அவன் இடத்தில் உட்கார்ந்திருப்பவன்கூட, “இருக்கட்டுமே சார், என்ன கெட்டுப்போச்சு” என்கிறான். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இதைத்தான் சொன்னார்கள் போலிருக்கிறது. என் கை வலி எவனுக்குத் தெரியப்போகிறது? ஸ்ரீஹர்ஷாவிடம் போய்ச் சொன்னால், “சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கோ, அவாளும் பாவம்” என்கிறார். அவர் எல்லாருக்கும் நல்லவர், அதற்கான வேலை மட்டும் என்னுடையது.

புதனும் வியாழனும் பேட்ச்சோடு மல்லுக்கட்டினேன். ரயிலில் போகும்போதும் வரும்போதும் மடியில் லேப்டாப். எதிர் சீட்டில் சீட்டாட்டம் களைகட்டும், என்னைக் கூப்பிடுவார்கள், நான் எரிந்துவிழுவேன். கோவிந்தப்பாவின் கண்ணாடி பேட்ச்சைப் போட்டால் வைஷ்ணவியின் அம்பு உடையும். அம்பைச் சரிசெய்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வரும். ஒட்டும்போது அந்தக் கருவி ஆயிரம் கேள்வி கேட்கும். எந்தக் கோப்பு, இதை விட்டுவிடட்டுமா, அதை மேலே எழுதட்டுமா என்று சம்பந்தி வீட்டார் மாதிரி ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கேட்டுக்கொண்டே இருக்கும். y என்று அடித்தால் ஆமாம், n என்றால் வேண்டாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது யூனிஸ் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் திரையைக் காட்டினாள். டைப் செய்திருந்தாள்.

“அண்ணா, இந்தத் தடவ எனக்குப் பேட்ச் வேணாம். என் மெஷின்ல ப்ளெய்னா புது வெர்ஷன் மட்டும் போடுங்க. ஏன்னா”

அதற்கு மேல் அவள் விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. எனக்குப் படித்த மட்டிலேயே விஷயம் புரிந்துவிட்டது. நான் இரண்டு நாளாகப் படுகிற பாட்டைப் பார்த்து, என் பாரத்தைக் குறைக்கப் பார்க்கிறது இந்தப் பெண். எவனெவனுக்கோ மினுக்கும் கர்சர் வேண்டுமாம், இவளுக்கு வாழ்க்கையே வேண்டாமாம்.

“இன்னாம்மா பேசற நீ? ஒனக்குப் போடாம வேற எவனுக்குப் போடப் போறேன்? நாளைக்கு ட்ரில்ல வெச்சுக்கினு வேணாம்ன்ற. போ, போயி நிம்மதியா தூங்கு” என்றேன். அவள் வேகமாகத் தலையை ஆட்டித் திரையைக் காட்டினாள். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கையசைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கடைசிச் சுற்று. கண்ணாடி பேட்ச், கேள்வி, y. அம்பு பேட்ச், கேள்வி, கேள்வி, y, y. கர்சர், y. இடையில் கோவிந்தப்பா வந்து, பேத்தியின் புதுப் போட்டோவை மாற்ற முடியுமா என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன். யூனிஸின் பேட்ச்சைக் கடைசியில் வைத்திருந்தேன். போட்டதும் அதுவும் ஏதோ நீளமாக ஒரு கேள்வி கேட்டது. உன் சங்காத்தமே வேண்டாம் என்று y அடித்தேன். எந்த இடத்திலும் இடிக்கவில்லை, ஒரு வரிகூடப் பிசகவில்லை, வெற்றி என்று வந்தது. இத்தனை தொல்லையில் நல்லவளுக்கான பேட்ச் மட்டும் சமர்த்தாக உட்கார்ந்ததே என்று மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

சோதித்துப் பார்க்கவும் செய்தேன். ஒரு பக்கம் சோதனை மணியை ஓடவிட்டுவிட்டு, இன்னொரு ஜன்னலில் கோவிந்தப்பாவின் போட்டோவை நடுவில் கொண்டுவர முட்டிமோதிக்கொண்டிருந்தேன். ‘டிங்’ என்று கேட்டது. சரி, யூனிஸுடையது வேலை செய்கிறது என்று முடிவு கட்டி, எல்லா மெஷினுக்கும் அனுப்பிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ட்ரில். ஸ்ரீஹர்ஷா லேப்டாப்போடு யூனிஸுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மற்றவர்கள் சுவரோரம் நின்றோம். யாரும் அவளைத் தொடக்கூடாது, அவள் எதிரில் வரக்கூடாது என்று மறுபடியும் சொல்லிவிட்டார். யூனிஸ் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் கீபோர்டில் வைத்து, கண்ணைத் திரையில் நாட்டி உட்கார்ந்திருந்தாள். புதுச் சுடிதார் போட்டிருந்தாள்.

ஸ்ரீஹர்ஷா ஆனேக்கல் பூக்கிடங்கில் சூடு ஏறுவதாக ஒரு பொய்க் கணக்கை அனுப்பினார்.

‘டிங்.’

ஜன்னல் மின்னவில்லை. வரிகள் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. யூனிஸ் அசையவில்லை.

ஒருவேளை முதல் மணிக்கு மட்டும் மின்னவில்லையோ, அடுத்ததற்கு மின்னுமோ என்று பார்த்தேன்.

‘டிங்.’

அது எல்லார் காதிலும் விழுந்தது. வைஷ்ணவி வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தப்பா தரையைப் பார்த்தார். கத்தலாம் என்று தோன்றியது, கத்தி என்ன பிரயோஜனம்? யூனிஸ் அந்த ஜன்னலையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் தெளிவாக இருந்தது. இப்போது வரும், இதோ வரும் என்று காத்திருக்கிற முகம். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

‘டிங்.’

ஸ்ரீஹர்ஷா லேப்டாப்பை மூடினார். அந்த அசைவு தெரிந்து யூனிஸ் திரும்பினாள். அவரைப் பார்த்தாள், வைஷ்ணவியைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. கன்னம் சிவந்து, கண் நிறைந்தது. அழவில்லை.

“ஜெயவேலு, அவளோட பேட்ச் போட்டீங்கதானே?” என்றார் ஸ்ரீஹர்ஷா மெதுவாக.

“போட்டேன் சார். கடைசியா அதத்தான் போட்டேன். வேணும்னா வந்து பாருங்க” என்று என் இடத்துக்கு ஓடினேன். கோபம் தலைக்கேறியிருந்தது. அந்தப் போலந்துக்காரனைத் திட்டினேன், கோவிந்தப்பாவின் போட்டோவைத் திட்டினேன், வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தவரையும் திட்டினேன். காலையில் ஒட்டியபோது ஓடியதெல்லாம் என் ஜன்னலில் அப்படியே இருந்தது. மேலே தள்ளிக் கடைசிப் பேட்ச்சுக்கு வந்தேன்.

கருவி கேட்டிருந்த அந்த நீளமான கேள்வியை இப்போதுதான் படித்தேன். இந்த மாற்றம் இதில் ஏற்கெனவே இருக்கிறது போலத் தெரிகிறதே, அதைக் கழற்றிவிடட்டுமா என்று கேட்டிருக்கிறது. பக்கத்தில் என் கையால் அடித்த y.

எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. ஏற்கெனவே எப்படி இருக்கும்? எழுதினவன் நான், வைத்திருப்பவன் நான். தோளுக்குப் பக்கத்தில் யூனிஸ் வந்து நின்று அதையே படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்து என் முகத்துக்கு நேராக வந்தாள். டைப் செய்யவில்லை. வாயைத் திறந்து பேசினாள். மெல்லிய குரல், சொற்கள் கொஞ்சம் குழைந்து வந்தன, ஆனால் ஒவ்வொன்றும் புரிந்தது.

“நான் அவருக்கு அனுப்பினேன், ண்ணா. ரெண்டு மாசம் முன்ன. ஏன் வேணும்னு எழுதினேன். அவரு சேத்துட்டாரு. நீங்க எழுதினத அப்டியே. புது வெர்ஷன்லயே இருக்குது.”

“அப்ப…”

“ப்ளெய்னா போட்டிருந்தா மின்னியிருக்கும். அதத்தான் நேத்து சொல்ல வந்தேன்.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்ததை ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்காட்டியிருக்கிறேன். அந்த நாலு பேர் நடுவில் நின்றுகொண்டு எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட வாய் வரவில்லை. அவளுக்கு உலகத்தில் யார் தயவும் தேவையில்லாமல் அந்த மின்னல் டெர்மினலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். நான் போய், அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று, அதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். போதாக்குறைக்குக் காதால் சோதித்திருக்கிறேன். மின்னுகிறதா என்று பார்க்க வேண்டிய பேட்ச்சை, டிங் என்று கேட்டதும் சரி என்றவன் எந்த ஊர்ப் புத்திசாலி?

“சார், தப்பு என்னுது. அவளுதுல்ல. அவ மெஷின்ல இருந்தத நானே புடுங்கிட்டேன்” என்று ஸ்ரீஹர்ஷாவிடம் சொன்னேன்.

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். “புரியறது. ஆனா ட்ரில் ஒரு தடவைதான்னு மேல சொல்லியிருக்கேன், ஜெயவேலு. இனிமே நீங்க சரிபண்ணிக் கொடுத்து, அப்புறம் நான் பாஸ்னு எழுதினா, பக்கத்துல ஆள் இருந்தாத்தான் முடியும்னு அவா சொன்னதேதானே நிஜமாறது?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் எரிந்தது.

யூனிஸ் அவர் உதட்டைப் படித்துவிட்டாள். “சார்” என்று கூப்பிட்டாள். “நான் போட்டுக்கறேன். யாரும் வேணாம். நானே இறக்கி, நானே போட்டு, நானே காட்டறேன். சத்தத்தையும் ஆஃப் பண்ணிடறேன். அப்புறம் எழுதுங்க.”

ஸ்ரீஹர்ஷா தலையாட்டினார். அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, நான் காலையில் அனுப்பியதை முழுவதுமாக அழித்தாள். கண்ணாடியும் அம்பும் கர்சரும் என் மூன்று நாள் உழைப்பும் ஒரே வரியில் போயின. மொட்டையான புது வெர்ஷனை இறக்கினாள். நான் பழக்கதோஷத்தில் பின்னால் போய் நின்று, அவள் சரியாக அடிக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன். அவள் நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

“நீங்க வெளிய இருங்கண்ணா.”

“நான் எதையும் தொடமாட்டேம்மா. சும்மா நிக்கறேன்.”

“வெளிய இருங்க.”

கோபம் இல்லை அந்தக் குரலில். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன்.

வெளியே வந்து லிஃப்ட் பக்கத்தில் நின்றேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. மணி அடித்தால் கேட்கலாம், மின்னினால் எப்படிக் கேட்பது? வெட்கத்தை விட்டுக் காதைக் கதவில் வைத்தும் பார்த்தேன். கீழே டைல்ஸ் வெட்டுகிற மெஷின் சத்தம்தான் கேட்டது. முதல் மணி போயிருக்குமா, இரண்டாவதா, எல்லாமே முடிந்துவிட்டதா? அவள் அப்பாவை ரயிலில் எந்த முகத்தோடு பார்ப்பது? படி ஏறி வந்த டீக்காரர் டீ வேண்டுமா என்றார், அவரிடமும் எரிந்துவிழுந்தேன்.

கதவு திறந்தது. ஸ்ரீஹர்ஷா லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு வந்தார்.

“ஆயித்து, முடிஞ்சுது” என்றார். “முதல் மின்னல்லயே அனுப்பிட்டா. திங்கட்கிழமை மத்தியான ஷிப்ட் அவளோடது, தனியா. எல்லார் மெஷின்லயும் ப்ளெய்ன்தான் இனிமே. யாருக்காவது ஏதாவது வேணும்னா அவளக் கேட்கச் சொல்லியிருக்கேன்.”

நான் உள்ளே போய் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, “மன்னிச்சுக்கம்மா. நீ சொல்ல வந்தத நான் கேட்டிருக்கணும்” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்போதுதான் ஜன்னல் பளிச்சென்று மின்னியது. இது ட்ரில் இல்லை, பீன்யா மருந்துக் கிடங்கு, நிஜமான சூடு. அவள் விசையைத் தட்டி, வரியை நிறுத்தி, காவலாளிக்குச் செய்தி அடிக்க ஆரம்பித்திருந்தாள். நான் பேசியதே அவளுக்குத் தெரியாது. மறுபடி சொல்லலாம் என்று குனிந்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை மட்டும் என் பக்கம் உயர்த்தினாள், இருங்க என்பதுபோல. நான் நின்றேன்.